ஒதுக்கிய நான்கு படங்கள்

மூன்றாம் வாரம் கால் கட்டைக் கணவர் அவிழ்த்தபோதுதான் அவள் தன் உள்ளங்காலைப் பார்த்தாள். தரையில் படாமல் வளைந்திருக்கும் இடத்தில், பச்சையும் மஞ்சளுமாக ஒரு கறை.

கணவரின் எலும்பு மருத்துவமனையில் பதினொரு வருடமாக எக்ஸ்ரே எடுப்பவள் அவள். படியில் தடுக்கி வந்த வெறும் சுளுக்குக்கு உள்ளங்காலில் இரத்தம் கட்டாது.

“நிக்க வச்சு ஒரு படம் எடுத்துப் பாக்கலாமாங்க?”

“எக்ஸ்ரே எடுக்கறவங்க எல்லாம் வைத்தியம் பாத்தா நான் கடையைச் சாத்த வேண்டியதுதான்.” சிரித்துக்கொண்டே புதுக் கட்டைச் சுற்றினார். “சுளுக்கும்மா. வெளியூர் வேலைக்கு இப்ப என்ன அவசரம்?”

அந்த வேலையில் சேர இன்னும் ஐந்தே நாள். உத்தரவு வந்த மறுநாள்தான் அவள் விழுந்தாள்.

மதியம் அவர் கண்ணயர்ந்ததும், மருத்துவமனைக்கு மேலிருந்த வீட்டிலிருந்து மாடிப்படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கி, அடைபட்ட வெக்கையும் ஸ்பிரிட் வாடையும் தேங்கிக் கிடந்த எக்ஸ்ரே அறைக்குள், இயந்திரத்தின் மெல்லிய உறுமல் தன் பற்களில் அதிர்வதை உணர்ந்தபடி, அவள் தட்டின் மேல் ஏறி நின்றாள். கண்ணில் பூச்சி பறந்தது. பொத்தானை அழுத்தினாள்.

திரையில், கட்டை விரலுக்குப் போகும் எலும்புக்கும் அடுத்ததற்கும் நடுவே பென்சில் நுழையும் இடைவெளி. படுத்தால் மூடிக்கொள்ளும், எடை ஏறினால்தான் வாய் திறக்கும். திருகாணி போட்டு இறுக்கியிருக்க வேண்டிய கால்.

விழுந்த அன்று வலிக்கென்று அவரே ஊசி போட்டார். அவள் மயங்கிக் கிடக்க, அவரே படம் எடுத்தார். அவருக்கா தெரியாது?

வேண்டாமென்று ஒதுக்கிய படங்களை இயந்திரம் ஒரு மாதம் வைத்திருக்கும். அது அவளுக்கு மட்டுமே தெரியும். திறந்தாள்.

அன்றைய தேதி. நான்கு படங்கள். நிமிடத்துக்கு ஒன்று.

முதலாவதில் எலும்புகள் பல்வரிசை போல நெருங்கியிருந்தன. விரிசல்கூட இல்லை.

இரண்டாவதில் ஒரு கை. எலும்புக் கை. பாதத்தை இறுகப் பிடித்திருந்தது.

மூன்றாவதில் பாதம் முறுகியிருந்தது. நூலளவு இடைவெளி.

நான்காவதில் பென்சில் நுழையும் இடைவெளி.

பிடித்திருந்த கையின் விரலெலும்பில் வெள்ளை வளையம். கடை கடையாக ஏறி இறங்கி அவருக்காக அவள் தேர்ந்தெடுத்த மோதிரம்.

மேலே கட்டில் முனகியது. படிகளில் செருப்புச் சத்தம். அவளால் ஓட முடியாது.

“நிக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல?”

குரலில் கோபமே இல்லை. முன்னால் மண்டியிட்டு, அவள் பாதத்தை மெல்லக் கையில் ஏந்தினார். விரல்கள் ஒவ்வொன்றாக வந்து அமர்ந்தன, திரையில் இருந்த அதே இடங்களில்.