“வா” என்று கூப்பிட்டவன்

1972 மார்ச். மியூனிக் பனி ஆய்வுக்கூடத்துக்குள் வந்த குருமூர்த்தி, மேஜைமேல் ஒரு நோட்டையும் பாதியில் நின்ற கடிதத்தையும் வைத்தான்.

“பாஸ்கரன் போய்ப் பத்து நாளாச்சு, சார். எப்படிப் போனான்னு வைதேகி கேக்கறா. அவன் பொண்டாட்டிக்கு என்னன்னு எழுதறது? ஒரு வரிக்கு மேல ஓடலை.”

‘தவறு பாஸ்கரனுடையதுதான்’ என்றிருந்தது அந்த வரி. கிரிஜாவுக்குச் சுருக்கென்றது. இதே அறையில் ஓராண்டு பாஸ்கரனோடு வேலை செய்தவள் அவள். அவன் கணக்கில் பிசகுபவன் அல்ல.

“நடந்ததைச் சொல்லு” என்றார் ஆய்வுக்கூடத் தலைவர் சுந்தரராஜன்.

“மலைச்சரிவைக் கடக்கறதுக்கு முன்னாடி குழி தோண்டிப் பனியைச் சோதிச்சான். எழுதிட்டு நோட்டை நீட்டினான். மறுபடி குழிக்குள்ள குனிஞ்சுட்டான். நான் படிச்சுட்டுப் பனிச்சறுக்குல கிளம்பிட்டேன். அக்கரைப் பாறைகிட்டப் போனப்போ, ‘வாடா குரு, வா!’ன்னு உற்சாகமாக் கத்திண்டே பின்னால வந்தான். அப்பத்தான் சரிவுல இருந்த பனி மொத்தமா அறுந்து அவனை மூடிடுத்து.”

நோட்டில் நான்கு வரிகள்: முஷ்டி, விரல், பென்சில், கத்தி.

“முஷ்டியே நுழைஞ்சா மெத்துப்பனி. கத்திதான் இறங்கும்னா கெட்டி” என்றான் குருமூர்த்தி. “மேல மெத்து, அடியில கெட்டி. பத்திரம்னுதானே அர்த்தம்?”

கிரிஜா நோட்டைப் பிடுங்காத குறை. முஷ்டிக்கு நேரே 0–40 செ.மீ. கத்திக்கு நேரே 110–150.

“சார்! கீழேருந்து மேல எழுதியிருக்கார்! முதல் வரிதான் அடி. பாஸ்கரன் கணக்கு சரி!”

“ஊர்ல உனக்கு என்ன வேலை, குரு?” என்று கேட்டார் சுந்தரராஜன்.

“மண் பரிசோதனை. துளை போட்டு, மேல்மட்டத்தைப் பூஜ்யமா வச்சு கீழே எண்ணிண்டு போவோம்…” குருமூர்த்தி நிறுத்திக்கொண்டான்.

“பனிக்குத் தரைதான் பூஜ்யம்” என்றார் சுந்தரராஜன். “அடியில உதிரிப்பனி, மேல பலகை மாதிரி கெட்டிப்பனி. கால் வைக்கவே கூடாத சரிவு.”

“அப்புறம் ஏன் அவரே அதுல இறங்கினார்?” என்றாள் கிரிஜா. கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக்கூடாது என்று தோன்றியது.

“அவன் குழி தோண்டின ஷவல் எங்கே கிடைச்சுது?” என்று குருமூர்த்தியைக் கேட்டார் சுந்தரராஜன்.

“குழியிலேயே குத்தி நின்னுதாம். பையும் பக்கத்துல.”

“மலை கடக்கப் புறப்படறவன் ரெண்டையும் விட்டுட்டுப் போவானா? அதோட, பின்னால வர்றவன் ‘வரேன்’னுதான் சொல்வான். ‘வா’ன்னா, திரும்பி வா.”

கிரிஜாவின் துடிப்பெல்லாம் வடிந்துவிட்டது. ஏன் வாயைத் திறந்தோம் என்றிருந்தது.

குருமூர்த்தி கடிதத்தில் ‘பாஸ்கரனுடையதுதான்’ என்பதை அடித்து, மேலே ‘என்னுடையது’ என்று எழுதினான். அதற்குமேல் பேனா நகரவில்லை.

“சார்,” என்றான் தலை நிமிராமல், “அவன் அப்படிக் கத்தினப்போ நான் என்ன பண்ணேன் தெரியுமா? நீயும் வாடான்னு கையசைச்சேன்.”