மண் வைத்து அடைத்த வாசல்

பாலத்துக்கு இந்தப் பக்கமே லாரியை நிறுத்திவிட்டான் ஷம்பே. சங்காப் ஊருக்குள் சக்கரம் எதுவும் போகாது. கழுதை, குதிரை, இல்லாவிட்டால் ஆண்டவன் கொடுத்த கால். மணி மூன்றுகூட ஆகவில்லை, அதற்குள் மேற்கு மலை வெயிலை விழுங்கிவிட்டிருந்தது. பள்ளத்தாக்கு முழுவதும் அடுப்புச் சாம்பல் நிறத்தில் கிடந்தது.

"அடுத்த வாரம் இதே நாள் வருவேன் அக்கா," என்றான் ஷம்பே, மூட்டையை இறக்கிக்கொண்டே. "புதுப்பொண்ணா ஏறுவீங்களா, இல்ல இதே மூஞ்சிதானா?"

"உன் லாரி அதுவரைக்கும் ஒரே துண்டா இருக்குதான்னு முதல்ல பாரு," என்றாள் சத்பர்க்.

ஃபைசாபாத்திலிருந்து இரண்டு நாள் குலுங்கி வந்த உடம்பு. மனசு அதைவிடக் குலுங்கிப் போயிருந்தது. அண்ணன் தௌலத் ஆளனுப்பியிருந்தான். 'உன் புருஷன் உன்னை விட்டுட்டுப் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. முல்லா கல்யாணக் கட்டை அவிழ்த்துவிடச் சம்மதிச்சுட்டார். நல்ல இடம் ஒண்ணு இருக்கு. சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா உன் பாரம் இறங்கிடும்.' அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் வந்திருந்தாள். நாளைக் காலையில் சாட்சிகள் வந்து கேட்பார்கள். சரி என்றால் யாகூத் என்ற பெயர் அவளைவிட்டுப் போய்விடும். போகட்டும், அந்தப் பெயரோடு இருந்து அவள் என்ன கண்டாள்?

இரண்டு வருடத்துக்கு முன்னால், இதே முதல் பனிக்காலத்தில், அவளும் யாகூத்தும் இங்கே விருந்துக்கு வந்திருந்தார்கள். ஆடு வாங்க அண்ணனும் யாகூத்தும் ஒரே குதிரையோடு கணவாய்க்கு அந்தப் பக்கம் புறப்பட்டார்கள். நாலாம் நாள் அண்ணன் மட்டும் குதிரையில் வந்தான். யாகூத் அங்கே ஒருத்தி வீட்டில் தங்கிவிட்டான், கூப்பிட்டும் வரவில்லை என்று ரொட்டிமேல் கைவைத்துச் சொன்னான். ரொட்டிமேல் கைவைத்துச் சொன்னதை யார் சந்தேகப்படுவார்கள்? அதற்கப்புறம் ஃபைசாபாத் சந்தில் ஒவ்வொருத்தியும் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எந்த எதிரிக்கும் கொடுக்கக் கூடாது. தையல் மெஷினைக் கட்டிக்கொண்டு காலம் தள்ளினாள். ஒருநாள் ஆத்திரத்தில் யாகூத்தின் சட்டைகளையெல்லாம் தந்தூர் அடுப்பில் போட்டு ரொட்டி சுட்டாள்.

நெட்டிலிங்க மரங்களைத் தாண்டி அண்ணன் வீட்டுக்கு வந்தவள், பழகிய காலாக நேரே வாசலுக்குப் போனாள்.

வாசல் இல்லை.

நிலைச்சட்டம் மட்டும் இருந்தது. அதற்குள் கல்லும் களிமண்ணும் வைத்து அடைத்துப் பூசியிருந்தார்கள். சுற்றியிருந்த சுவர் பிஸ்கோத்து மாதிரி காய்ந்திருந்தது. அடைத்த இடம் மட்டும் ஈரமாகக் கறுத்திருந்தது. தொட்டுப் பார்த்தாள். கையில் குளிர்ந்த சேறு ஒட்டியது.

"இப்படிப் பின்பக்கமா வாம்மா," என்று தௌலத் லாயத்துப் பக்கமிருந்து கூப்பிட்டான். அவளைக் கட்டிக்கொண்டு நெற்றியில் முத்தமிட்டான். இளைத்துப்போயிருந்தான். தாடி பாதி வெளுத்திருந்தது.

"வாசலை ஏன் லாலா அடைச்சீங்க?" அண்ணனைச் சின்ன வயசிலிருந்தே லாலா என்றுதான் கூப்பிடுவாள்.

"காத்து. அந்தப் பக்கம் ஒரே காத்து." அவள் கண்ணைப் பார்க்காமல் மூட்டையைத் தூக்கிக்கொண்டான். "உன்னைப் பார்த்ததும்தான் எனக்கு உயிரே வந்துச்சு. நாளையோட எல்லாருக்கும் விடிஞ்சிரும்."

எல்லாருக்கும் என்றால் யார் யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

உள்ளே அண்ணி மாஹ்தாப் உப்புப் போட்ட பால் தேநீர் கொடுத்தாள். வாய் ஓயாமல் பேசுகிற அண்ணி இன்று சொல்லுக்குச் சொல் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். அடைத்த வாசலின் உள்பக்கம் கம்பளம் தொங்கியது. அந்தக் கம்பளத்தின் கீழ்விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அறைக்குள் ஈரக் கம்பளியின் வாடை. மலையில் நெடுநாள் நடந்த மனிதனின் வியர்வை வாடை.

பிற்பகல் அஸர் தொழுகைக்கு அழைப்பு கேட்டது. தௌலத் எழுந்த வேகம், வீட்டில் தீப்பிடித்தவன் எழுகிற வேகம்.

"நான் வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் அடுப்படியிலயே இருங்க," என்று மனைவியிடம் சொன்னான். கால்கூடச் சரியாகச் செருப்பில் நுழையவில்லை, போய்விட்டான்.

"அல்லாவைத் தொழ இவ்வளவு அவசரமா? லாலா திருந்திட்டாரே," என்று சிரித்தாள் சத்பர்க்.

அண்ணி சிரிக்கவில்லை. மாவு பிசைந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது.

வெளியே பனியில் காலடிச் சத்தம்.

ஒரு கால் அழுந்த மிதிக்கிற சத்தம். பிறகு எதையோ இழுக்கிற சத்தம். மறுபடி ஒரு மிதி. மறுபடி ஓர் இழுப்பு.

அடைத்த வாசலுக்கு நேரே வந்து நின்றது.

பூட்ஸ் பனியை உதறுகிற மாதிரி ஒற்றைக் காலை மூன்று முறை தட்டியது. வீட்டுக்கு வருகிற எந்த மனிதனும் செய்வதுதான். அப்புறம் தொண்டையைக் கனைத்தது.

அந்தக் கனைப்பை அவளுக்குத் தெரியும். ஏழு வருடம் அதைக் கேட்டுத்தான் கதவைத் திறந்திருக்கிறாள்.

"அண்ணி," என்றாள்.

"பேசாத," என்று அண்ணி மாவுக் கையால் அவள் வாயைப் பொத்தினாள். "பதில் சொல்லிடாத. கொஞ்ச நேரத்துல போயிரும்."

களிமண்ணுக்கு அந்தப் பக்கமிருந்து, வாயைச் சுவரில் ஒட்டவைத்துப் பேசுகிற மாதிரி, குரல் வந்தது.

"தௌலத்."

கம்பளம் சொட்டுவது அதிகமானது.

"தௌலத்... கால் அசையல மச்சான். குதிரையக் கொண்டுவா."

கோபம் துளிகூட இல்லை. வருவான் என்று நம்பிக் கூப்பிடுகிற குரல். அந்த நம்பிக்கையைக் கேட்கத்தான் அவளால் முடியவில்லை. அண்ணியின் கையைத் தட்டிவிட்டுக் கம்பளத்தை இழுத்துத் தள்ளினாள். ஈரச் சுவரில் இரண்டு உள்ளங்கை, நடுவில் ஒரு நெற்றி, மூன்று தடம் உள்பக்கமாகப் புடைத்துக்கொண்டிருந்தன.

"யாகூத், நான் சத்பர்க். நான்தான்."

சுவர் அமைதியானது. ஒரு மிதி, ஓர் இழுப்பு. திரும்பிப் போகிற சத்தம் இல்லை. அந்த இடத்திலேயே நின்றுபோயிற்று.

"எத்தனை நாளா?" என்றாள் சத்பர்க்.

அண்ணி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "தினமும். நீ ஃபைசாபாத் போன மறுநாள்லேர்ந்து. அன்னைக்கு நீ ஊத்தின தண்ணி."

அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. பயணம் போகிறவன் முதுகுக்குப் பின்னால் கிண்ணத்துத் தண்ணீரை வாசலில் ஊற்றுவது அந்தப் பக்கத்தில் எல்லாப் பெண்களும் செய்வது. ஊற்றியவள் காத்திருக்கும் வரை, போனவன் அந்த வாசலுக்குத் திரும்பியே ஆகவேண்டும். அன்றைக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து அவள்தான் ஊற்றினாள். ஊற்றிவிட்டு, வாயால் திட்டினாலும் இரண்டு வருடமாக அடிமனசில் காத்துக்கொண்டும் இருந்தாள், பைத்தியக்காரி.

"ரெண்டு வருஷம் அண்ணி. தெரிஞ்சுக்கிட்டே எனக்குச் சொல்லல. ஊரெல்லாம் என்னைக் காறித் துப்புச்சு. நானும் அவரைத் துப்பினேன்."

"உன் அண்ணன் என் புருஷன் சத்பர்க். நான் யார்கிட்டப் போய் சொல்ல?"

தௌலத் திரும்பி வந்தபோது கம்பளம் தரையில் கிடந்தது. அதைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான், செருப்போடு பின்வாசற்படியிலேயே குந்திவிட்டான்.

"ரொட்டிமேல கைவச்சுச் சொன்னியே லாலா." முதல்முறையாக அண்ணனை ஒருமையில் பேசினாள்.

"கால் முறிஞ்சுபோச்சு அவனுக்கு," என்றான் தௌலத் தரையைப் பார்த்தபடி. "பனி கொட்டுது. இப்ப யாரும் போகாத பழைய பாதையில கல் கொட்டகை இருக்குல்ல, அங்க படுக்க வச்சேன். குதிரை ரெண்டு பேரைத் தாங்காது. நீ போய் ஆளைக் கூட்டிட்டு வா மச்சான்னு அவனேதான் சொன்னான். சத்தியமா வரத்தான் நினைச்சேன். வழியில அடிவாரக் குடிசை ஒண்ணுல வந்து விழுந்தவன் ஒரு பகல் முழுக்கத் தூங்கிட்டேன். எழுந்தா மேல கழுத்தளவு பனி. இனிமே செத்திருப்பான்னு நினைச்சேன். சோறு போட்டு வீட்டுல வச்ச விருந்தாளியை, உயிரோட விட்டுட்டு வந்தேன்னு எந்த வாயால ஊர்ல சொல்றது?"

"அதனால அவருக்கு ஒரு பொம்பளையைச் சேர்த்துவச்ச."

தௌலத் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டான்.

"சரி, இப்ப என்னை எதுக்குக் கூப்பிட்ட? திடீர்னு எதுக்கு மாப்பிள்ளை பார்த்த?" கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. "நான் காத்திருக்கிறதை நிறுத்தணும். அதானே? நான் சரின்னு சொல்லிட்டா அவர் திரும்பி வர்றதுக்கு வாசல் கிடையாது."

"தாயத்து எழுதறவர் சொன்னார்," என்று அழுதான் தௌலத். "என்னால முடியலம்மா. ஒருநாள்கூட அவன் என்னைத் திட்டல. மச்சான்னே கூப்பிடறான்."

அந்தத் துரோகம்தான் அவளை முறித்தது. கணவாயில் விட்டு வந்ததைக்கூடப் பயம் என்று ஒருநாள் மன்னித்திருப்பாளோ என்னவோ. அவள் கையாலேயே அவனை இரண்டாம் முறை விட்டுவரச் செய்யப் பார்த்தானே.

காலையில் ஊரின் வெள்ளைத் தாடிப் பெரியவர்கள் முன்னறையில் கூடினார்கள். இரண்டு சாட்சிகள் உள்ளறைத் திரைக்கு வந்து, முல்லா சொல்லிக்கொடுத்த மாதிரி கேட்டார்கள். "உன்னை விட்டுட்டு ஓடின யாகூத்தோட கல்யாணக் கட்டுலேர்ந்து விலகச் சம்மதமா மகளே?"

"அவர் ஓடல," என்றாள் சத்பர்க், முன்னறைக்கும் கேட்கும்படி. "பழைய பாதைக் கொட்டகையில படுத்திருக்கார். என் அண்ணனுக்கு வழி தெரியும். குதிரையக் கொண்டுட்டுப் போகச் சொல்லுங்க."

தௌலத் மறுக்காமல் தலையைக் குனிந்துகொண்டபோது, பக்கத்தில் இருந்தவர்கள் இனி இந்த வீட்டில் குடிப்பதில்லை என்று தங்கள் தேநீர்க் கிண்ணங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார்கள்.

அன்றே எட்டுப் பேர் போனார்கள். முதல் பனிதான், கணவாய் இன்னும் மூடவில்லை. மறுநாள் மாலை யாகூத்தைக் கம்பளியில் சுற்றிக் குதிரைமேல் கொண்டுவந்தார்கள். தௌலத் விட்டுவந்த அன்றிரவே அவன் இறந்துவிடவில்லை என்பதையும் வந்து சொன்னார்கள். கொட்டகையின் கதவுப்பலகையை ஒவ்வொன்றாக எரித்திருந்தான். இடுப்பு வாரைப் பாதிக்குமேல் மென்று தின்றிருந்தான். கணவாய்ப் பாதை தெரியும்படி சுவரில் ஒரு கல்லைப் பெயர்த்து, அந்த ஓட்டைக்கு எதிரே சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வருகிறவர்களைப் பார்க்கத்தான். சத்பர்க் அதைக் கேட்டு வாய்விட்டு அழுதாள். எரித்த சட்டைகளுக்காகவும் அழுதாள்.

அடக்கம் முடிந்தது. அடைத்த மண்ணை இடித்து வாசலைத் திறந்தார்கள். அஸர் நேரம் வந்தது, போனது. காலடி இல்லை, குரல் இல்லை. மூன்று நாளும் அப்படியே. தௌலத் முதல்முறையாகத் தட்டு நிறையச் சாப்பிட்டான் என்று அண்ணி சொன்னாள். ஊரில் யாரும் அவனுக்கு ஸலாம் சொல்வதில்லை, ஆனால் வீட்டில் தூக்கம் வந்தது.

ஷம்பேயின் லாரி வருகிற நாளில் சத்பர்க் மூட்டையைக் கட்டினாள். அண்ணி அழுதுகொண்டே கிண்ணத்தோடு வாசலுக்கு வந்தாள்.

"எனக்குப் பின்னாடி ஊத்தாதீங்க அண்ணி. நான் திரும்பி வரல."

தௌலத் குதிரையில் மூட்டையை வைத்துப் பாலம் வரை வந்தான். "ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போம்மா. மன்னிச்சேன்னு சொல்ல வேணாம். லாலான்னு மட்டும் சொல்லு," என்றான். அவள் லாரியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு குதிரையில் ஏறித் திரும்பினான். பட்டப்பகல், வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது.

நெட்டிலிங்க மரங்களுக்கு வந்ததும் குதிரை ஊர்ப்பக்கம் திரும்பவில்லை. கணவாய்ப் பாதையில் ஏறியது. தௌலத் கடிவாளத்தை இரண்டு கையாலும் இழுப்பது லாரியிலிருந்தே தெரிந்தது. அவன் ஏதோ கத்தினான். அவள் பெயராகத்தான் இருக்கும்.

ஷம்பே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பார்த்தான். "இந்தப் பனியில உங்க அண்ணன் எங்க போறார் அக்கா? பின்னாடி உக்காந்திருக்கிறது யாரு?"

சத்பர்க் பார்த்தாள். தௌலத்தின் இடுப்பைச் சுற்றி, விழுந்துவிடாமல் இறுகப் பிடித்துக்கொள்கிறவன் மாதிரி, இரண்டு கைகள் கோத்திருந்தன. சிவப்பும் நீலமும் கலந்த கையுறைகள். கல்யாணமான முதல் குளிர்காலத்தில் கண்ணி எண்ணத் தெரியாமல் அவள் பின்னியவை. வலது கட்டைவிரல் கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது என்று யாகூத் வருஷக்கணக்கில் கேலி பேசியவை.

"என் வீட்டுக்காரர்," என்றாள். "வண்டிய எடு."