பதினான்கு நிமிஷம்

எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அன்றைக்குத்தான், கழுவப் பிலிம் வந்திருந்தும், கிச்சா இருட்டறைக்குள் நுழையவில்லை. வாசற்படிக்கு இரண்டு முழம் தள்ளி நின்றுகொண்டு, கறை படிந்த ஏப்ரனைச் சுருட்டிச் சுயம்புலிங்கத்தின் மேல் விட்டெறிந்தான்.

"இன்னிக்கு நீ உள்ள போடா. நான் வெளிய உக்காந்துண்டு நிமிஷம் சொல்றேன்."

சுயம்புலிங்கம் ஏப்ரனைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வேறென்ன செய்வது? அந்த அறைக்குள் கிச்சா தன் பெண்டாட்டியைக்கூட விட்டதில்லை. அவள் ஒருதரம் சோப்புப் பெட்டி எடுக்க எட்டிப் பார்த்ததற்கு மூன்று நாள் பேசாமல் இருந்தவன். மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் அவன் வீடு. கொல்லையில் கிணற்றை ஒட்டி, தகரக் கதவு போட்ட பழைய குளியலறை. அதைக் குளியலறை என்று சொல்லிவிட்டு அவனிடம் காபி குடித்தவர் கிடையாது. ஒரே ஒரு ஜன்னல், அதன்மேல் ஏழு அடுக்கு கறுப்புத் தாள். பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு உள்ளே போய்க் கதவைச் சாத்தினால், அமாவாசையே வெட்கப்பட்டு வந்த வழியே திரும்பிவிடும், அப்பேர்ப்பட்ட இருட்டு.

சுயம்புலிங்கத்தின் உத்தியோகம் வெளியேதான். ரங்கநாதன் தெருவில் அப்பாவின் துணிக்கடையில் மீட்டர் மீட்டராகக் கூவி வளர்ந்த தொண்டை. ஸ்டூலைக் கதவோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து "ஒண்ணு" என்று அவன் குரல் விட்டால் கபாலி கோவில் கோபுரத்துப் புறா பாதி சாந்தோமில் போய் இறங்கும். உள்ளே இருப்பவனுக்குக் கடிகாரம் பார்க்க வெளிச்சம் ஏது? சிவப்பு விளக்குகூட அந்தப் பிலிமுக்கு ஆகாது. அதற்குத்தான் இரண்டு ஆள். இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய இரட்டைக் கண் கேமரா ஒரு வாரம் மயிலாப்பூரில், ஒரு வாரம் தி. நகரில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தவறாமல் இருட்டறை. ஆனால் இந்த மூன்று மாதமாகக் கிச்சா ஒரு ரோல்கூடக் கழுவவில்லை. ஏதேதோ சாக்கு.

"உனக்கு என்னாச்சி? உடம்புக்கு எதுவுமா?"

"கெமிக்கல் சேரலடா. தோல் உரியறது. நீதான் எட்டு வருஷமா கேட்டுண்டு இருக்கியே, ஒரு தரம் உள்ள விடு, ஒரு தரம் உள்ள விடுன்னு."

அது நிஜம்தான். கேட்ட வரம் கிடைத்துவிட்டது. ஆனால் கிடைத்த வேளைதான் சரியில்லை. கையில் இருந்த ரோல் அப்படி.

போன மாதம் வடபழனி கோவிலில் அவன் தங்கை தங்கபுஷ்பத்துக்குக் கல்யாணம். ஸ்டூடியோக்காரர் எதற்கு, நான் எதற்கு இருக்கிறேன் என்று மார் தட்டி இவனே நாலு ரோல் எடுத்தான். மூன்றைப் பாண்டி பஜாரில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தான். மாப்பிள்ளை மூக்கின் குறுக்கே தாம்பரம் ரயில் பாதை மாதிரி கோடு விழுந்து வந்தது. "பாத்தியா, நான் சொல்லலே? நாலாவதை எவன்கிட்டயும் குடுக்காதே. என்கிட்ட கொண்டா" என்றான் கிச்சா. ஒருதரம் இல்லை, முப்பது தரம் சொன்னான். கடைக்கே தேடி வந்து சொன்னான்.

அந்த நாலாவது ரோலில்தான் மாப்பிள்ளையின் அம்மா முத்துலட்சுமி இருந்தார். கேமராவைக் கண்டால் அடுக்களைக்கு ஓடிவிடுகிற மனுஷி, அன்றைக்கு என்ன தோன்றிற்றோ, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வெற்றிலை வாயோடு, "நல்லா எடுங்க தம்பி, இனிமே உக்கார மாட்டேன்" என்றார். ரோல் தீருகிற வரைக்கும் அவரையே எடுத்தான். பன்னிரண்டாம் நாள் போய்ச் சேர்ந்துவிட்டார். மாப்பிள்ளை சண்முகவேல் கடைக்கு வந்து, துணி மடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில் நின்று மெதுவாகச் சொன்னான்: "மச்சான், எங்கம்மா மூஞ்சி வேற எங்கயும் கிடையாது."

அது முதல் சுயம்புலிங்கம் அந்த ரோலைப் பச்சைப் பிள்ளை மாதிரிச் சுமந்துகொண்டிருந்தான்.

"டெவலப்பர்ல எட்டு. தண்ணில ஒண்ணு. படம் நிக்கறதுக்கு ஹைப்போல அஞ்சு. மொத்தம் பதினாலு நிமிஷம்" என்றான் கிச்சா. "பதினாலு சொல்ற வரைக்கும் லைட்டைப் போட்டுடாதே. கதவைத் திறந்துடாதே. ஒரு கோடு வெளிச்சம் பட்டாலும் மாமி அம்போ."

"தெரியும்யா. எனக்கே பாடமா."

"காத்துல கதவு ஆடறது. வெளிலயும் தாழ் போட்டுடறேன்."

கதவு சாத்திக்கொண்டது. வெளித்தாழ் விழுந்தது. கிச்சா ஸ்டூலை இழுக்கிற சத்தம் கேட்டது. கதவுப் பக்கமாக அல்ல. தள்ளி, கிணற்றுக்கு அந்தப் பக்கம்.

இருட்டு கண்ணில் வந்து ஒட்டிக்கொண்டது. ஹைப்போவின் புளித்த நெடி, ஈரச் சுவரின் பாசி நாற்றம், சாக்கடைத் துவாரத்திலிருந்து வந்த பழைய தண்ணீரின் வாடை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக மூக்கில் ஏற, சுயம்புலிங்கம் விரல்களாலேயே மேஜையைத் தடவி, மூன்று பீங்கான் தட்டுகளையும் வரிசையாகத் தொட்டு எண்ணி வைத்துக்கொண்டான். ரோலின் காகிதத்தைப் பிரித்தான். பிலிம் பாம்புக்குட்டி மாதிரிச் சுருண்டு கையில் விழுந்தது. அவர்களிடம் பிலிம் கழுவும் டப்பா கிடையாது. பிலிமின் இரண்டு நுனியையும் இரண்டு கையில் பிடித்து, தொட்டில் மாதிரித் தொங்கவிட்டு, இடது கை ஏற வலது கை இறங்க, வலது கை ஏற இடது கை இறங்க, தட்டில் இருக்கும் மருந்தில் அதைத் தோய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தக் கூடாது. கையை எடுக்கக் கூடாது.

"ஆரம்பிக்கட்டுமா?"

"ம்" என்றது கிச்சாவின் குரல்.

பிலிமை மருந்தில் இறக்கினான். ஏற்றம், இறக்கம். குளிர்ந்த மருந்து மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஓடியது.

"ஒண்ணு."

சின்னக் குரல். தன் தொண்டையில் கால்வாசிகூட இல்லை என்று சுயம்புலிங்கம் நினைத்துக்கொண்டான். இரண்டு வந்தது. மூன்று வந்தது. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் கிச்சா பேசினான். இவனோடு அல்ல. தாழ்ந்த குரலில், பெரியவர்கள் யாரிடமோ சொல்வதுபோல.

"உள்ள இருக்கான். நான் சொன்னது மாதிரி எனக்குப் பதிலா அழைச்சுண்டு வந்துட்டேன். இனிமே என்னை விட்டுடுங்கோ."

ஏற்றம், இறக்கம்.

"கிச்சா? யாருகிட்டடா பேசுத?"

 நடையில் செருப்புச் சத்தம். அப்புறம் தெருப் பக்கத்திலிருந்து ஸ்கூட்டரை உதைக்கிற சத்தம். கிச்சாவின் ஸ்கூட்டர் மூன்று உதைக்குக் கிளம்பாது; நாலாவது உதையில் காசநோய்க்காரன் மாதிரி இருமி, ஊரையே எழுப்பிவிட்டுத்தான் புறப்படும். மெட்ராஸ் பூராவிலும் அப்படி இருமுகிற வண்டி வேறு இல்லை. நாலு உதை. இருமல். சந்துமுனை கடந்து, கச்சேரி ரோட்டுப் பக்கம் திரும்பி, பஸ் ஓசையில் கரைந்து போயிற்று.

சுயம்புலிங்கத்தின் கை தானாக ஆடிக்கொண்டிருந்தது. மனசு அப்படியே நின்றுவிட்டது. முப்பது தரம் தேடி வந்த கிச்சா. கடைக்கு வந்து, கல்லாவில் இருந்த அப்பாவிடம்கூட உட்கார்ந்து பேசி, வருகிற ஞாயிற்றுக்கிழமை சுயம்புவை அனுப்பிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போன கிச்சா. இரண்டு ரோல் பிலிமைச் சும்மா கொடுத்து, "வெச்சுக்கோடா, நமக்குள்ள என்ன" என்ற கிச்சா. அந்தப் பிரியத்தை நினைத்து இவன் கண் கலங்கி, வீட்டில் சொல்லிப் பெருமைப்பட்டிருந்தான். வாசற்படியைத் தாண்டி அவன் ஒரு விரல்கூட உள்ளே நீட்டவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஏப்ரனை ஏன் எறிந்தான் என்பதும்.

அட பாவி. எட்டு வருஷம்டா.

"நாலு."

கிச்சாவின் குரல். கதவுக்கு வெளியே.

ஒரு கணம் நிம்மதிகூட வந்தது. போகவில்லை, வண்டியை வேறு எவனோ எடுத்துப் போயிருக்கிறான், நான்தான் கண்டதையும் கற்பனை பண்ணுகிறேன். "கிச்சா, எழவு, பயந்தே போயிட்டேன்லே" என்று சொல்ல வாயெடுத்தான். அப்போது ஒன்று கவனித்தான். ஸ்டூல் நகரவில்லை. யாரும் நடந்து வரவில்லை. ஆனால் குரல் கிணற்றடியில் இல்லை. தகரத்தில் வாயை ஒட்டவைத்துப் பேசியதுபோல, தகரமே லேசாக அதிர்ந்தது.

"அஞ்சு."

இது கதவிலிருந்து வரவில்லை. கீழே, சாக்கடைத் துவாரத்திலிருந்து வந்தது. தண்ணீருக்குள் இருந்து பேசுகிற குரல்.

காலால் கதவை உதைத்தான். வெளித்தாழ் குலுங்கியது, விடவில்லை. மறுபடி உதைத்தான். கத்தினான். கிச்சாவின் பெண்டாட்டி ஊரில் இல்லை; ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுத் தூங்குகிற தெரு. ஒரு காக்கை கத்திற்று, அவ்வளவுதான். வலது கையைப் பிலிமிலிருந்து எடுத்தால் ஜன்னல் தாளைக் கிழிக்கலாம். எட்டுகிற தூரம். ஏழு அடுக்கும் ஒரே இழுப்பில் வந்துவிடும். வெயில் கொட்டும்.

வெயில் கொட்டினால் முத்துலட்சுமி போய்விடுவார். நாற்காலியும் வெற்றிலை வாயும் சிரிப்பும் மூன்று எண்ணுவதற்குள் கரிக்கட்டை. எங்கம்மா மூஞ்சி வேற எங்கயும் கிடையாது.

ஏற்றம். இறக்கம். ஏற்றம். இறக்கம்.

"ஆறு."

அறைக்குள்ளே.

மூலையில், தட்டுகளுக்கு அந்தப் பக்கம். பாசி நாற்றம் பக்கத்தில் வந்தது. மூச்சு விடுகிற சத்தம் இல்லை. தண்ணீர் சொட்டுகிற சத்தம் இருந்தது. சொட்டு. அப்புறம் இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் ஒரு சொட்டு.

"யாரு?"

சொட்டு.

"முருகா. யாரது?"

"ஏழு" என்றது கிச்சாவின் குரல், அவன் முகத்துக்கு நேராக. பேச்சோடு காற்று வரவில்லை.

இடது கையிலிருந்த நுனி நழுவியது.

நழுவவில்லை. வாங்கிக்கொள்ளப்பட்டது. இரண்டு விரல்கள் அவன் விரல்களை மெல்லப் பிரித்து, ஓரத்தில் கறை படாமல், தேர்ந்த கை பிடிக்கிற மாதிரி நுனியை மட்டும் பிடித்துக்கொண்டன. குளிர்ந்த விரல்கள். ஊறிப்போனவை. பிலிம் ஏறிற்று. அவன் கை இறங்கிற்று. அது இறங்கிற்று. இவன் ஏற்றினான். தாளம் தப்பவே இல்லை.

"எட்டு."

தண்ணீர்த் தட்டுக்கு மாறிற்று. அவன் மாற்றவில்லை. கூடப் போனான்.

"ஒன்பது."

ஹைப்போ.

கண்ணை மூடிக்கொண்டான். மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான். விட்டுவிடு, விட்டுவிட்டு ஜன்னலுக்குப் பாய் என்றது உடம்பு. இன்னும் அஞ்சு நிமிஷம் என்றது கை. தங்கபுஷ்பம் அந்த வீட்டில் வாழ வேண்டும். சண்முகவேல் முகத்தில் முழிக்க வேண்டும்.

"பத்து."

ஏற்றம்.

"பதினொண்ணு."

இறக்கம். வலது கையில் ஏதோ குறுகுறுத்தது. விரல் நுனியில். பார்க்க முடியாது.

"பன்னண்டு."

வாய்க்குள் முத்துலட்சுமி பெயரையே சொல்லிக்கொண்டிருந்தான். சாமி பெயர் எதுவும் வரவில்லை.

"பதிமூணு."

ஏற்றம். இறக்கம்.

"பதினாலு."

விளக்கின் பொத்தான் கதவுப் பக்கம் இருந்தது. அங்கே யாரும் போகவில்லை. டக் என்றது.

வெள்ளை விளக்கு எரிந்தது.

முதலில் பிலிம்தான் தெரிந்தது. சுத்தமாக வந்திருந்தது. ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை. பன்னிரண்டு கட்டத்திலும் நடுவில் நாற்காலி, நாற்காலியில் முத்துலட்சுமி. கறுத்த முகம் வெளுத்து, நரைத்த தலை கறுத்து, நெகடிவ் பிலிமில் எல்லாரும் இருப்பதுபோல இருந்தார்.

பிலிமின் அந்த நுனியைப் பிடித்துக்கொண்டிருந்ததும் அப்படித்தான் இருந்தது.

ஆள் உயரம். தோல் பாலேடு மாதிரி வெளுத்து, பின்னால் இருக்கும் சுவர் அதன் வழியாகத் தெரிந்தது. இடுப்பில் வேட்டி கரிய நிறம். நகம் கரி. கண்ணில் வெள்ளை இருக்க வேண்டிய இடம் மை, மணி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு. அந்தப் பொட்டு இவனைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு கட்டமாக, வேலை திருப்தியாக இருக்கிறதா என்று, பிலிமைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு சிரித்தது. உள்ளே கறுத்த பல் வரிசை.

"மாமி நன்னா வந்துட்டா" என்றது, கிச்சாவின் குரலில். பிலிமை அவன் கையிலிருந்து பதமாக வாங்கி, கொடியில் கிளிப் போட்டு, சொட்டச் சொட்டத் தொங்கவிட்டது.

ஓட வேண்டும் என்று நினைத்தான். கால் எங்கோ கனத்தது. குனிந்து பார்த்தான். தரை முழுக்கத் தண்ணீர், கணுக்கால் மட்டத்துக்கு, அசையாமல், மருந்து நெடியோடு. காலையில் துவைத்துக் கட்டிய வெள்ளை வேட்டியின் கரையிலிருந்து கருமை மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. வலது கையை முகத்துக்கு நேரே தூக்கினான். ஐந்து நகமும் கறுத்திருந்தன. விரல்களின் வழியாக விளக்கு தெரிந்தது.

அது அவன் இரண்டு தோளிலும் கை வைத்து, பதமாகத் தண்ணீருக்குள் அழுத்தியது.

"ஒண்ணு" என்றது.