இரட்டை மஞ்சள் கோடு

"கண்ணு எங்கங்க இருக்கு?" கோபன்ஹேகன் மழையில் விழுந்து கிடந்த சைக்கிளைத் தூக்கியபடி கத்தினாள் தோரா.

"உங்க மேலதான்... அதான் சைக்கிளைக் கவனிக்கல!"

இடித்துத் தள்ளியவன் ஸ்வீடனிலிருந்து படகேறி வந்தவன். பெயர் ஸ்டென். நனைந்த இமைகளுக்குக் கீழே சாம்பல் நிறக் கண்கள்... அழகான கண்கள்தான். அதனாலேயே நம்பக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது.

அவள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்கே விருந்தாளியாக வந்து நின்றான். அவன் வரும் நாளெல்லாம் வினையும் கூடவே வந்தது. செம்புக் கம்பிகளுக்கிடையே மின்பொறி பறக்கவிட்டு, அந்த ஒளியைப் பிரித்துப் பார்த்தாள். செம்பின் பச்சைக் கோடுகளுக்கு அருகே, இரட்டை மஞ்சள் கோடு!

சோடியம். அதாவது உப்பு.

வியாழக்கிழமை கூட்டத்தில் செம்பின் கோடுகள் மட்டுமே உள்ள கறையில்லாத படம் காட்டாவிட்டால், அவள் வேலை வேறொருவர் கைக்குப் போய்விடும். இவனுக்கா?

"கம்பியைத் தொட்டது நீங்கதானே?"

"செம்போட கோடா இருக்கக் கூடாதா?"

"விளையாடறீங்களா? அணுவுக்குள்ள எலக்ட்ரான் அலை ஒரு சுத்து வந்து தன் வாலைத் தானே பிடிக்கணும். பிடிக்கலன்னா தன்னையே அழிச்சுக்கும். அதனால சில படியிலதான் நிக்கும், நடுவுல நிக்கவே முடியாது. படி இறங்கறப்போ விடுற நிறம் ஒவ்வொரு அணுவுக்கும் வேற வேற. இது உப்புதான். நீங்க வர்ற அன்னிக்கு மட்டும் எப்படி வருது?"

அவன் முகம் சிவந்தது. "நான் பாக்கெட்டை விட்டுக் கையை எடுக்கவே இல்லைங்க. சந்தேகம்னா... இனி வரல."

வரவில்லை. மஞ்சள் கோடும் வரவில்லை. அவள் நினைத்தது சரிதான்! ஆனாலும் ஏன் அழுகை வருகிறது?

புதன்கிழமை அவன் வாசலில் நின்றான், மழை சொட்டச் சொட்ட.

"தொப்பியை மறந்துட்டேன். எடுத்துட்டுப் போயிடறேன், படகுக்கு நேரமாச்சு."

"அங்கேயே நில்லுங்க! உள்ள வராதீங்க!"

கழுவிய புதுக் கம்பிகளைத் தன் கையாலேயே பொருத்தினாள். பொறி பறந்தது. குனிந்து பார்த்தாள்.

இரட்டை மஞ்சள் கோடு... அவனோ வாசலில்!

மெல்ல உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். ஈரம். வியர்வை. உப்பு.

"என்னங்க ஆச்சு?"

"நீங்க தொடல..."

"பின்ன யாரு?"

"நான்தான்." அவள் தலை நிமிரவில்லை. "நீங்க வந்தா... என் கை வேர்க்குது."

அவன் தொப்பியை எடுக்கவே இல்லை.

"அப்போ நாளைக்குக் கூட்டம்? நான் போனாத்தானே படம் சுத்தமா வரும்?"

"கையுறை போட்டுக்கறேன்... போகாதீங்க."