உதட்டில் ஒட்டும் பக்கம்

மூன்று நாளாகியும் அந்த ருசி போகவில்லை. பல்லை அழுத்தித் தேய்த்தான், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தான். ஊசிப்போன கொழுப்பை நக்கியதுபோல ஒரு வழவழப்பு கீழுதட்டிலேயே குடியிருந்தது. காலையில் மூன்று வயது மகளின் கன்னத்தில் முத்தமிட்டபோதுகூட அதுதான் முதலில் நாக்குக்குத் தெரிந்தது.

பழைய படச்சுருள்களைத் துடைத்துச் சீராக்குவது அவன் வேலை. சுருளில் மருந்து பூசிய பக்கம் எது என்று அறிய, ஓரத்தை ஈர உதட்டில் வைத்துப் பார்ப்பான். மருந்துப் பக்கம் லேசாக ஒட்டும். கண்டதையும் வாயில் வைக்கிறீர்களே என்று மனைவி திட்டாத நாளில்லை. தொழில் பழக்கம், விடுமா?

மூன்று நாளாக அவன் கையிலிருக்கும் இந்தப் படத்துக்குப் பெயர் இல்லை. எடுத்தவன் யாரென்றும் தெரியாது. ஜன்னலில்லாத அறையில் ஒருவன் முதுகைக் காட்டி உட்கார்ந்து, எதையோ சுரண்டிச் சுரண்டிச் சட்டியில் போட்டுக் காய்ச்சுகிறான். சுருள் சுருளாக அதுவேதான். பார்க்கப் பிடிக்கவில்லை, ஆனாலும் விட மனமில்லை. நேற்றைய சாப்பாட்டு டப்பா மூடியபடியே மேசையில் புளித்து நாறிக்கொண்டிருந்தது.

இன்று கடைசிச் சுருள். அந்த ஆள் முதல்முறையாகத் திரும்பினான். முழங்கை வரை தோல் இல்லை. சட்டியிலிருந்த கூழை வழித்து நீளமான நாடா ஒன்றில் பூசினான். ஊதிக் காயவைத்தான். தூக்கிப் பிடித்தான்.

படச்சுருள்.

அந்த ஆள் அதன் ஓரத்தைத் தன் உதட்டில் வைத்துப் பார்த்தான்.

படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் குப்பைக்கூடையில் குடலே வந்துவிடும்போல வாந்தி எடுத்தான். சீ. மூன்று நாளாக வாயில் வைத்தது அந்தத் தோல் கூழையா? சுருளை மூடி வைத்துவிட்டு வீட்டுக்கு ஓட வேண்டும். அப்போது போன் அடித்தது. மனைவி.

“காலையில பாப்பாவுக்கு முத்தம் குடுத்தீங்கல்ல, அந்த இடம் பிசுபிசுன்னு இருக்குங்க. தொடைச்சா தோல் உரிஞ்சு வருது.”

உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போ என்றான். நாக்கு குழறியது.

“அவளுக்கு வலிக்கலையாம். சிரிக்கிறா.” அவள் குரல் தாழ்ந்தது. “உரிஞ்சதை வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன். உள்ள யாரோ முதுகைக் காட்டி உக்காந்திருக்காங்க.”

கீழே போடு என்று கத்த வாயெடுத்தான். உதடுகள் பிரியவில்லை. விரலை விட்டு இழுத்தான். பிரியவில்லை.

“எது எந்தப் பக்கம்னுதான் தெரியலை,” என்றாள்.

பிறகு போனில், ஈர உதடு ஒன்று எதிலோ ஒட்டி மெல்லப் பிரியும் சத்தம்.