இருபத்தேழு டிகிரிக் கடல்

காலை ஏழு மணிக்குக் கடலில் விட்ட செஞ்சாமந்தி ஏழே முக்காலுக்குச் செத்துப்போனது.

ஜெனோவா பாறைக்குழியின் ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்து முழுவதையும் பார்த்தாள். முதலில் அது இதழ்போன்ற கைகளை உள்ளே இழுத்துக்கொண்டது. பிறகு கல்லிலிருந்து பிடியை விட்டது. கடைசியில் சளிக்கட்டியாக மிதந்தது. செஞ்சாமந்தி பார்வைக்குத்தான் பூ. உண்மையில் கடல் வற்றும்போது பாறைக்குழிகளில் ஒட்டிக் கிடக்கும் ஓர் உயிர். பாறைத்துறைக் கரையைத் தவிர வேறெங்கும் அது இருந்ததில்லை. இப்போது இங்கும் இல்லை. மிச்சமெல்லாம் ஜெனோவாவின் வீட்டுத் தொட்டியில் இருக்கும் நூற்றுப் பதினொன்றுதான்.

அவற்றை இன்று பதினோரு மணிக்கு இதே கடலில் விட வேண்டும் என்பது உத்தரவு. மாலை ஆறு மணிக்கு, தொட்டிகளுக்கென்று அலுவலகம் தனியாக இழுத்த மின்சாரம் நிறுத்தப்படும்.

முப்பத்தொரு வருடங்களுக்கு முன்பு கடல் முப்பத்தாறு டிகிரிக்குச் சூடேறியபோது கரையோரக் குழிகளில் இருந்ததெல்லாம் வெந்து செத்தது. கடல்மீட்பு அலுவலகம் தப்பியவற்றை அள்ளி, வீட்டுக்கு ஓர் உயிராக ஊர்க்காரர்களிடம் ஒப்படைத்தது. கூடவே கண்ணாடித் தொட்டி, தண்ணீரைக் குளிர வைக்கக் குளிராக்கி, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நீரை ஏற்றி இறக்கும் ஓதமாக்கி. தொட்டியில் தொங்கும் வெப்பநாடி என்ற கம்பி நிமிடத்துக்கு நிமிடம் சூட்டை அலுவலகத்துக்குச் சொல்லும். இருபத்தேழு டிகிரிதான் விதி. பழைய கடலின் சூடு அதுதான். இதற்கிடையில் வானத்தில் விரித்த வான்திரை வெயிலைத் தடுத்துக் கடலையும் இருபத்தேழுக்கு இறக்கும். இறங்கியதும் எல்லா உயிரும் வீடு திரும்பும். அதுவரை கரையில் மீன்பிடிக்கத் தடை.

திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. திட்டத்தை மனிதர்களிடம் கொடுத்ததுதான் குறை.

இருபத்தேழில் வைத்த தொட்டிகளில் சளிநோய் வந்தது. கண்ணெதிரே சாகும் உயிரைப் பார்த்துக்கொண்டு எந்த வீட்டில் சோறு இறங்கும்? யாரோ இருபத்துநான்குக்குக் குறைத்தார்கள், நோய் நின்றது. பக்கத்து வீட்டில் இருபத்திரண்டு வைத்தார்கள், நிறமும் தூக்கியது. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள்; பாறைத்துறையில் ஊரான் தொட்டியைப் பார்த்துத் தன் தொட்டி குளிர்ந்தது. வெப்பநாடிக்கும் வழி கண்டுபிடித்தார்கள். ஈரமணலில் வைத்த மண்கலயத்துத் தண்ணீர் ஏறக்குறைய இருபத்தேழில் நிற்கும். கம்பியை எடுத்து அதற்குள் தொங்கவிட்டார்கள். அலுவலகம் முப்பத்தொரு வருடமாக மண்கலயங்களைத்தான் கண்காணித்துவந்தது.

ஜெனோவாவின் தொட்டியில் பத்தொன்பது டிகிரி. இப்போதிருக்கும் செஞ்சாமந்திகள் அந்தக் குளிரிலேயே பிறந்து, அந்தக் குளிரிலேயே குட்டி போட்டவை. குளிர் ஒத்துக்கொள்ளாதவை எப்போதோ செத்துவிட்டன. விடும் நாளை அறிவித்த பிறகு இரண்டு மாதம் மெல்ல மெல்லச் சூடேற்றிப் பார்த்தாள். இருபத்துமூன்றிலேயே எல்லாம் சுருண்டுகொண்டதால், பயந்துபோய்ப் பழையபடி இறக்கிவிட்டாள். கல்யாணமாகி வந்த நாள்முதல், பிள்ளையில்லாத வீட்டில் இருபத்திரண்டு வருடம் அவற்றைத்தான் வளர்த்தாள். தன் கையாலேயே அவற்றைக் கெடுத்தும்விட்டாள்.

கிளீட்டஸ் சலவைச் சட்டையும் கையில் வாளியுமாகப் பாறை மேல் நடந்து வந்தார். அடுத்த வீட்டுக்காரர். அவர் வீட்டில் வளர்ந்தது சங்குநண்டு.

"அண்ணே, ஒண்ண விட்டுப் பாத்தேன். செத்துப் போச்சு."

"தெரியும் பிள்ளே. நானும் நேத்து ரெண்டு நண்ட விட்டேன்."

"பொறவு எதுக்கு வாளியத் தூக்கிட்டு வாறிய?"

கிளீட்டஸ் கடலைப் பார்த்தபடி சொன்னார். "இதுகள விட்டாத்தான் கரையத் திருப்பித் தருவாவ. முப்பத்தொரு வருசமா இங்க எவனும் ஒரு வலை காயப் போடல. எனக்க மவனுக்குக் கரை வேணும். நீ வாயத் தொறந்தா எரநூறு வீடும் மாட்டும், பாத்துக்க."

அவர் மிரட்டவில்லை, கெஞ்சினார். ஜெனோவா எழுந்து, விழாவுக்குக் கரையில் போட்டிருந்த பந்தலை நோக்கி ஓடினாள்.

கடல்மீட்பு அதிகாரி மாதங்கி பந்தலுக்குப் பின்னால் நின்று பதிவேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஜெனோவா மூச்சுவாங்க எல்லாவற்றையும் கொட்டினாள். காலையில் செத்தது, கலயம், கம்பி, பத்தொன்பது டிகிரி.

"எத்தனை வீட்டுல இப்படி?"

"எல்லா வீட்டுலயும்தான் மேடம். என்னெ செயில்ல போடுங்க, பரவாயில்ல. கரண்ட மட்டும் நிறுத்தாதிய. வருசத்துக்கு அரை டிகிரி ஏத்துனா போதும், பதினாறு வருசத்துல இதுக பழகிரும். பிறந்து பிறந்து பழகிரும்."

மாதங்கி கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். மாதங்கியோ பதிவேட்டை மூடிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"காலையில நீங்க விட்ட தண்ணி எத்தனை டிகிரின்னு நினைக்கிறீங்க?"

"இருபத்தேழு. போர்டுல போட்டிருக்குல்லா?"

"கை வச்சுப் பார்த்தீங்களா?"

"பாத்தேன். சூடாத்தான் இருந்திச்சு." பத்தொன்பதில் பழகிய கைக்கு எல்லாத் தண்ணீருமே சூடுதான். அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"முப்பத்திமூணும்மா. வான்திரையால அதுக்குக் கீழ இறக்க முடியல. சரியா வேலை செய்யலன்னு தெரிஞ்சா திரையையே நிறுத்திடுவாங்க, மறுபடி முப்பத்தாறுக்குப் போயிடும். அதனால கடல் சூட்ட அளக்கிற மிதவையில இருந்த வெப்பநாடிய நாப்பது மீட்டர் ஆழத்துக்கு இறக்கிட்டோம். அங்க இருபத்தேழு இருக்கு. நாங்க யாரும் பொய்க்கணக்கு எழுதல. கம்பிய மட்டும் இறக்கினோம்."

ஜெனோவா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"பயமாத்தான் இருந்துச்சு," என்றார் மாதங்கி. "ஆனா உங்க ஊர்ப் பதிவைப் பார்த்தேன். முப்பத்தொரு வருசம் இருபத்தேழுலயே, ஒரு நோய் இல்ல, நொடி இல்ல. இவ்வளவு தெம்பான உயிர் ஆறு டிகிரி கூடினாலும் தாங்கிக்கும்னு நினைச்சேன். உங்கள நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன்."

"நாங்க கடல நம்பித்தான் மேடம் சும்மா இருந்தோம்," என்றாள் ஜெனோவா. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"கரண்ட் வேணும்னு எழுதணும்னா, கடல் சரியாகலன்னு எழுதணும். அத என்னால எழுத முடியாது. இதுகளுக்குக் குளிர் பழகிடுச்சுன்னு எழுதணும்னா, நீங்க ஒருத்தர் சொன்னா போதாது, உங்க ஊர்ல இன்னொருத்தரும் சாட்சி சொல்லணும். உங்களத் தவிர யாராவது சொல்வாங்களா?"

ஜெனோவா பந்தலின் ஓட்டை வழியாகப் பார்த்தாள். இருநூறு வாளிகள் வரிசையில் நின்றன. கிளீட்டஸ் அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராகக் குனிந்தார்கள்.

பதினோரு மணிக்கு ஒலிபெருக்கி கடலின் சூட்டை அறிவித்தது. இருபத்தேழு டிகிரி. வெதுவெதுத்த தண்ணீரில் முழங்கால் வரை நின்றுகொண்டு எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு வாளிகளைக் கவிழ்த்தார்கள். நட்சத்திர மீன்களும் கடல்முள்ளிகளும் சங்குநண்டுகளும் போய்ச் சேர்ந்தன. யாரும் நின்று பார்க்கவில்லை. வீட்டில் வேலை கிடந்தது போல அவசரமாகக் கரையேறினார்கள்.

ஜெனோவா கடலுக்குப் போகவில்லை. ஆறு மணிக்குக் குளிராக்கி நின்றபோது தொட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வீட்டு மின்சாரம் குளிராக்கிக்குப் போதாது. ஐஸ்பெட்டியில் இருந்த கட்டிகளை நெகிழிப் பைகளில் கட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டாள். எட்டு மணிக்கு வாசலில் ஒரு கிண்ணம் ஐஸ் இருந்தது. கொண்டுவந்து வைத்தவரைக் காணவில்லை. அரை மணிக்குப் பிறகு இன்னொரு கிண்ணம். அடுத்த நாள் தெருவே ஐஸ் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தது. கிளீட்டஸ் ஒரு பாத்திரம் நிறையக் கொண்டுவந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் தானே தொட்டியில் மிதக்கவிட்டார்.

சாட்சி சொல்ல மட்டும் ஒருவரும் வரவில்லை. கேட்டுக் கேட்டு ஜெனோவாவின் தொண்டை கட்டிப்போனது. மூன்றாம் நாள் தண்ணீர் இருபத்துநான்கைத் தொட்டது. ஐந்தாம் நாள் மதியம் கடைசிச் செஞ்சாமந்தி கல்லை விட்டது. அவள் கை ஐஸில் வெந்துபோய்த் தோலுரிந்திருந்தது.

பாறைத்துறையில் இப்போது வலை காய்கிறது. கடல்மீட்பு அலுவலகத்தின் பதிவேட்டில் செஞ்சாமந்திக்கும் ஒரு வரி உண்டு: நூற்றுப் பன்னிரண்டு, கடலில் விடப்பட்டன, இருபத்தேழு டிகிரியில் நலம். வெற்றிபெற்ற அந்தத் திட்டத்தை மேலும் நாற்பது கடற்கரைகளுக்கு விரிவுபடுத்தியிருக்கிறார்கள். அங்குள்ளவர்களுக்குத் தொட்டி பராமரிப்பு சொல்லித்தரப் பாறைத்துறைக்காரர்களைத்தான் அழைத்திருக்கிறார்கள்.