நாலாவது இலை

மூன்று மணி நேரம். பதினொரு மணிக்கு இறங்கி இரண்டு மணிக்கு வண்டி ஏறிவிட வேண்டும். சங்கரன்கோவிலுக்கு நான் ஒதுக்கியது அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் திட்டம் போடுகிறவள் நான். அதைக் கெடுக்கிறவர் என் வீட்டுக்காரர் நல்லகண்ணு. மஸ்கட்டிலிருந்து ஒரு மாத லீவில் வந்து, அவர் ஊரான திருவேங்கடத்தில் இருந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் திருவனந்தபுரத்தில் விமானம். போகிற வழியில் கோமதி அம்மனுக்கு மாவிளக்கு வைக்க வேண்டும். கல்யாணமாகி ஏழு வருஷம் பிள்ளையில்லாமல் இருந்து, அவளிடம் நேர்ந்துகொண்ட பிறகு பிறந்தவள் எங்கள் மகள். அதனால்தான் ஆறு வயசுப் பிள்ளைக்குக் கோமதித்தாய் என்று பேர். நாங்கள் கூப்பிடுவது கோமு.

பதினொன்று தரிசனம், பன்னிரண்டு மாவிளக்கு, பன்னிரண்டே முக்கால் சாப்பாடு என்று மணிவாரியாக எழுதி டிரைவர் முகம்மது மைதீனுக்குக்கூட வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்திருந்தேன். என்ன பிரயோசனம்? இவர் குடும்பத்தில் ஒரு ஆளிடம் சொல்லிக்கொண்டு கிளம்பவே கால் மணி நேரம் ஆகும். வாசல் நிறைய ஆள். நாங்கள் சங்கரன்கோவில் வந்து சேர்ந்தபோது கோவில் நடை சாத்தியிருந்தது. இனி நாலு மணிக்குத்தான்.

"என்னைய ஏன் மொறைக்க? இன்னும் நேரம் கெடக்குட்டி. வா, பிரியாணி சாப்பிடுவோம்" என்றார்.

"நேத்திக்கடன் நாள்ல பிரியாணியா? வாயக் கழுவுங்க."

மைதீன்தான் ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த பழைய மடத்தைக் காட்டினார். எங்களை இறக்கிவிட்டு, தொழுதுவிட்டு வந்துவிடுவதாகச் சொல்லிப் போனார்.

மடத்தைப் பார்த்துக்கொள்கிற மாடத்தி, சாவியை என் கையில் தராமல் தானே கதவைத் திறந்தாள். முன்பக்கம் ஒரு அறை. அதைத் தாண்டி, தூண் வைத்த சாப்பாட்டுக் கூடம். கூடத்தின் கடைசியில் பின்வாசல், அதற்கப்பால் முள்ளும் புற்றுமாக ஒரு கொல்லை. வெளியே கண்ணைக் கூசும் வெயில். உள்ளே ஈரமண் வாடை அடித்தது.

மாடத்தி என் கையிலிருந்த தூக்குச்சட்டியையே பார்த்தாள்.

"உச்சிப் பொழுதுல இங்கன இலை போடாதீய. ஓட்டல்ல போய்ச் சாப்பிடுங்க. முன்னறையில படுத்து எந்திரிங்க, போதும்."

ஓட்டல்காரனுக்குச் சொந்தக்காரியாக இருப்பாள் என்றுதான் நினைத்தேன். விடியற்காலையில் எழுந்து கிளறிய புளிச்சோறு. அதை வைத்துக்கொண்டு ஓட்டலுக்குப் போவேனா?

"சரி சரி, நாங்க பாத்துக்கிடுதோம்" என்று அவளை அனுப்பிவிட்டுக் கூடத்தில் பாயை விரித்தேன். என் வாய்க்கொழுப்பு. வேறென்ன சொல்ல?

ஒன்று சொல்ல வேண்டும். நான் கொஞ்சம் கண்டிப்பானவள். வெளிநாட்டில் வளர்கிற பிள்ளை நாலு பேர் முன்னால் நம்மைத் தலைகுனிய வைத்துவிடக் கூடாதே என்று, சாப்பாட்டு முறை எல்லாம் கோமுவுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். சாப்பிடும்போது யாராவது பார்த்தால் 'வாங்க, சாப்பிடுவோம்' என்று கூப்பிட வேண்டும். விருந்தாளி கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. பந்தியில் மற்றவர்கள் சாப்பிட்டு முடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது. முடித்ததும் இலையை நம் பக்கமாக மடிக்க வேண்டும், அப்போதுதான் உறவு நிற்கும். சாவு விழுந்த துட்டி வீட்டில் மட்டும் எதிர்ப்பக்கமாக மடிப்பார்கள், இதோடு போதும் என்று அர்த்தம். இத்தனையும் படித்துக்கொண்டாள். ஒன்று மட்டும் வரவில்லை. அவளுக்கு இடது கைதான் வரும். சுற்றிலும் சிந்திக்கொண்டுதான் சாப்பிடுவாள்.

"சோத்துக் கைட்டி, சோத்துக் கை!" அன்றைக்கும் அவள் புறங்கையில் ஒன்று போட்டேன்.

மூன்று இலை போட்டுப் பரிமாறியிருந்தேன். இலைக்கட்டில் இன்னும் ஒரு இலை மீதி இருந்தது. எனக்கு முதுகுப்பக்கம் பின்வாசல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோமு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சிரித்தாள்.

"வாங்க, சாப்பிடுவோம்" என்றாள்.

"யாரும்மா?"

"பச்சைப் பாவாடை கட்டுன ஒரு பிள்ளை."

திரும்பினேன். வெயில்தான் தெரிந்தது. அடுத்த வீட்டுப் பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு ஓடியிருக்கும் என்று நினைத்தேன். சொல்லாமலே முறையாகக் கூப்பிட்டாளே என்று எனக்குப் பெருமைகூட. அதற்குள் கோமு மீதியிருந்த இலையை எடுத்துத் தன் இலையை ஒட்டிப் போட்டுவிட்டாள். விளையாட்டுக்குக்கூட இலையை வெறுமனே விடக் கூடாது. ஒரு கரண்டி சோறு வைத்து, ஒரு அப்பளமும் வைத்தேன்.

தண்ணீர் பாட்டிலைத் திறந்துவிட்டுக் குனிந்தேன்.

நாலாவது இலை துடைத்தமாதிரி இருந்தது.

"நீயாட்டி தின்ன?"

"இல்லம்மா, அவ. இன்னும் வேணுமாம்."

நல்லகண்ணு சிரித்துக்கொண்டே தன் இலையிலிருந்து ஒரு பிடி அள்ளி அந்த இலையில் வைத்தார். சிரிப்பு அப்படியே நின்றது. எங்கள் கண்ணெதிரே சோறு குறைந்தது. யாரும் அள்ளவில்லை. ஒரு ஓரத்திலிருந்து மெதுவாகக் குறைந்துகொண்டே வந்தது.

அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டது.

"எந்திரி" என்றார் அவர், ரகசியம்போல. "பிள்ளையத் தூக்கு."

நான் எழுந்துவிட்டேன். அவரும் எழுந்துவிட்டார். கோமு எழவில்லை.

"அவ இன்னும் முடிக்கலம்மா."

அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். பதினெட்டுக் கிலோ பிள்ளை, ஆட்டுரல் மாதிரி அசையவில்லை. அவரும் சேர்ந்து தூக்கினார். பாய்தான் கிழிந்தது. "வலிக்கிப்பா" என்று கோமு அழுதாள். சம்மணம் போட்ட கால்கள் ஒட்டவைத்தமாதிரி பிரியவே மாட்டேன் என்றன. புற்றுமண் வாடை, மூச்சு முட்டுகிற அளவுக்கு ஏறியது.

அவர் மாடத்தியைக் கூப்பிட்டுக்கொண்டே தெருவுக்கு ஓடினார். உச்சி வெயிலில் சந்தில் ஒரு ஆள் இல்லை. மைதீன் போனை எடுக்கவில்லை. நான் கோமுவின் தோளைப் பிடித்துக்கொண்டு, பரிமாறினேன். புளிச்சோறு தீர்ந்தது. துவையல் தீர்ந்தது. என் இலை, அவர் இலை, கோமு இலை, எல்லாவற்றிலும் இருந்ததை வழித்து வைத்தேன்.

எல்லாம் போயிற்று.

"இன்னும் பசிக்குதாம், அம்மா."

மணி இரண்டரை. இனி கொடுக்க ஒன்றுமில்லை என்று நினைக்கும்போதுதான் மாவிளக்கு ஞாபகம் வந்தது. பச்சரிசி மாவும் வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிசைந்த உருண்டை, முன்னறைப் பையில் இருந்தது. அம்மனுக்கு என்று வைத்தது. நான் யோசிக்கவில்லை. என் பிள்ளைக்கு முன்னால் எனக்கு அம்மனாவது, நேர்த்தியாவது. ஓடிப்போய் எடுத்து வந்து, கோமுவின் பக்கத்து இலையில் உருண்டையை முழுசாக வைத்தேன்.

ரொம்ப நேரம் ஆயிற்று. கடைசியில் ஒரு சின்ன ஏப்பம் கேட்டது.

கோமுவின் கால்கள் பிரிந்தன.

அப்போதுதான் உள்ளே வந்த நல்லகண்ணு அவளை வாரித் தோளில் போட்டுக்கொண்டார். "ஏட்டி, அந்த இலையச் சும்மா விடாத. எதிர்ப்பக்கமா மடி. துட்டி வீட்டு மாதிரி மடி. நமக்கு இந்த உறவே வேண்டாம்." அவர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. பக்கத்து இலையை எதிர்ப்பக்கமாக மடித்தேன். கோமு உட்கார்ந்திருந்த இடத்து இலையை எங்கள் பக்கமாக மடித்தேன். பிறகு திரும்பிப் பார்க்காமல் ஓடினேன்.

வண்டி வந்திருந்தது. கோவிலுக்குப் போகவில்லை. மாவே இல்லாமல் என்ன முகத்தோடு போவது? மைதீன் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு உடனே வண்டியை எடுத்தார். கோமு என் மடியில் படுத்திருந்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது. பயத்தில் அப்படி இருக்கும் என்று சேலைத் தலைப்பால் மூடினேன்.

புளியங்குடி தாண்டுவதற்குள் எனக்கு உயிர் வந்தது. ஐந்து மணிக்குத் தென்காசி, ஒன்பதுக்குள் விமான நிலையம் என்று மனசு மறுபடி திட்டம் போட ஆரம்பித்துவிட்டது.

"அம்மா, அவ நல்ல பிள்ளைதான். ஆனா என் இலைய வாங்கிக்கிட்டா" என்றாள் கோமு.

"என்னது?"

"நீங்க மாவு எடுக்கப் போனீங்கல்ல, அப்ப இலைய மாத்திக்கிடலாமான்னு கேட்டா. என் இலைய அவகிட்டத் தள்ளிட்டு அவ இலைய நான் வச்சுக்கிட்டேன். விருந்தாளி கேட்டா இல்லன்னு சொல்லக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

மடித்த இலைகளை மனசுக்குள் வரிசையாக வைத்துப் பார்த்தேன்.

பக்கத்து இலை. அதை நான் எதிர்ப்பக்கமாக மடித்தேன். அது என் பிள்ளையின் இலை. எங்கள் பக்கமாக மடித்ததுதான் அவளுடையது.

மைதீன் ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தி, எங்களுக்கு டீயும் ஒரு கிளாஸ் பாலும் வாங்கி வந்தார். பாலை என்னிடம் தரவில்லை. சுற்றிப்போய், என் பக்கத்தில் காலியாக இருந்த சீட்டின் ஜன்னல் வழியாக நீட்டினார்.

"குடி மக்கா" என்றார். பிறகு குனிந்து என்னைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "இந்தப் பிள்ள யாரும்மா? சொந்தக்காரப் பிள்ளையா? ஒங்க மக எங்க? மடத்துல விட்டுட்டா வந்திய?"

கோமு என் மடியில்தான் இருந்தாள். அவள் தலை என் கைமேல்தான் இருந்தது. ஆனால் கனம் இல்லை.

காலியான கிளாஸ் அவர் கைக்குத் திரும்பிப் போனது.

"வண்டியத் திருப்புங்க!" என்று கத்தினேன்.

சங்கரன்கோவில் நெருங்க நெருங்கத்தான் கோமுவின் உடம்பில் சூடு வந்தது. மடத்துக் கூடம் கூட்டிப் பெருக்கியிருந்தது.

"இலைகள எங்க போட்டீய?"

"மாட்டுக்குப் போட்டேன். அது தின்னுட்டு" என்றாள் மாடத்தி. கோமுவைத் தூக்கி வைத்திருந்த என் கையைப் பார்த்தாள். பிறகு என் பக்கத்தில், ஒரு பிள்ளை நிற்கிற உயரத்தில் எதையோ பார்த்தாள். "நான் சொன்னேம்லா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

இந்த மடத்திலேயே தங்கி இன்றோடு நாற்பத்து மூன்று நாள். விமானம் போயிற்று, இவர் லீவும் முடிந்துபோயிற்று. இந்தச் சந்துக்கு வெளியே கோமுவைத் தூக்கிக்கொண்டு போனால் என் கையிலேயே கரைகிறாள். கூடத்தில் உட்கார வைத்தால்தான் பிள்ளையாக இருக்கிறாள். தினமும் உச்சிப் பொழுதில் நாலு இலை போடுகிறேன். இரண்டு பேரும் ஒருமுறை ஒழுங்காகச் சாப்பிட்டு முடித்தால், அவரவர் இலையைச் சரியாகப் பார்த்து, மாற்றி மடித்துவிடலாம். அதற்காகத்தான் காத்திருக்கிறேன். ஒரு இலைதான் காலியாகிறது. கோமு ஒரு பருக்கை தொடுவதில்லை.

போன வாரத்திலிருந்து நல்லகண்ணுவின் கண்ணுக்கு என் மடியில் இருக்கிறவள் தெரியவில்லை. இன்னொருத்தியைக் கோமு என்று கூப்பிடுகிறார். கடைக்குக் கூட்டிப் போய் பிஸ்கட் வாங்கிக் கொடுக்கிறார். "பிள்ளை நல்லாத்தான இருக்கா, ஒனக்குத்தான் என்னமோ ஆயிட்டு. டிக்கெட் போடட்டா?" என்று என்னிடம் கெஞ்சுகிறார். அந்த மனுஷனை அடிக்கவும் கை வரவில்லை.

இன்று மத்தியானம் என் மடியில் யாரும் இல்லை; பக்கத்து இலை முன்னால் எனக்கும் ஒரு பிள்ளைதான் தெரிந்தாள்.

கோமுவின் மஞ்சள் கவுன். கோமுவின் முகம். "கோமு" என்றேன். "என்னம்மா?" என்றாள். குரலும் அதுவேதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. வந்துவிட்டாளே என்று அள்ளியெடுக்கக் கை நீட்டினேன்.

அவள் சாப்பிட ஆரம்பித்தாள்.

வலது கையால்.

ஒரு பருக்கைகூடச் சிந்தவில்லை. துவையலைத் தொட்டு, நிதானமாக, நான் இத்தனை வருஷம் அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்த மாதிரியே சாப்பிட்டாள். முடித்ததும் இலையைத் தன் பக்கமாக மடித்தாள். நல்லகண்ணு கை கழுவ எழுந்து போனார். அவள் எழவில்லை. கையைக் கட்டிக்கொண்டு என் இலையைப் பார்த்தாள்.

"நீங்க முடிங்கம்மா. நீங்க முடிச்ச பொறவுதான் எந்திரிப்பேன்."

என் இலையில் ஒரு கவளம் மீதி இருக்கிறது. அதை நான் சாப்பிட்டுவிட்டால் அவள் எழுந்து என் கையைப் பிடித்துக்கொள்வாள். கோவிலில் நடை திறக்கிற மணி அடிக்கிறது. என் விரல்களில் சோறு காய்ந்துவிட்டது.

அவள் இன்னும் உட்கார்ந்திருக்கிறாள்.